அழிக்கும் உரிமை

அத்தியாயம் பதினான்கு

சென்ற வாரம் சின்னவன் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான். எங்கே போனான் என்று கேட்டுப் பல பேர் எழுதியிருக்கிறீர்கள். எங்கேயும் போகவில்லை. தெருமுனை வரை போனான், பெட்ரோல் தீர்ந்துவிட்டது, வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டான். மறுநாள் காலை வழக்கம்போல ஸ்டுடியோவுக்கும் வந்துவிட்டான். சொந்தத் தொழில் செய்கிறவனுக்குக் கோபித்துக்கொண்டு போக இடம் ஏது?

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அக்காவும் தம்பியும் சேர்ந்து ஒலிப்பதிவு ஸ்டுடியோ நடத்துகிறார்கள். விளம்பரம், பள்ளிப் பாடம், ஆஸ்பத்திரியில் டோக்கன் எண் கூப்பிடுகிற குரல் என்று எது கேட்டாலும், பேச ஆள் பிடித்துப் பதிவு செய்து கொடுப்பார்கள். வாடிக்கையாளர்களையும் கம்ப்யூட்டரையும் பெரியவள் பார்த்துக்கொள்கிறாள். மைக்கும் பதிவும் சின்னவன் பாடு.

அப்பா இல்லாத இந்த இரண்டு பேரையும் அம்மா சலவைக்கடை நடத்தி ஆளாக்கினாள். இயந்திரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் உறுமுகிற கடையில், வாடிக்கையாளர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டே அவள் குரல் அடுத்த தெரு வரை எட்டும் குரலாகிவிட்டது. அவள் உள்ளே நின்று "சட்டை ரெடி" என்றால் எதிர்ச் சாரியில் இருக்கிறவன் தன் சட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வான். அந்தக் குரல் இப்போது இல்லை. போன மாதம் ஆபரேஷன் செய்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள்.

எடுப்பதற்கு முன்னால் சின்னவன் அம்மாவை மைக் முன்னால் உட்காரவைத்துப் பல நாள் பேசவைத்தான். அந்தப் பதிவுகளை வைத்துக்கொண்டு அவளுடைய குரலையே திரும்ப உண்டாக்கித் தருகிற ஒரு கம்பெனி இருக்கிறது. அம்மா எழுத்தைத் தட்டினால் கருவி அவள் குரலிலேயே பேசும். ஆனால் அங்கே பெரிய வரிசை. உங்கள் முறை வரும்போது நாங்களே உங்கள் சர்வரிலிருந்து எடுத்துக்கொள்கிறோம், அதுவரை பத்திரமாக வைத்திருங்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

இன்று காலை அவர்களிடமிருந்துதான் போன் வந்தது. பெரியவள் அப்போதுதான் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கியிருந்தாள்.

"மேடம், உங்க அம்மா ஃபைல் எல்லாம் இறக்கிட்டோம். ஒரு சின்ன சந்தேகம்" என்றாள் அந்தப் பக்கத்துப் பெண்.

"சொல்லுங்கம்மா."

"பேசறது உங்க அம்மாதானே?"

"ஆமா. ஏன்?"

"இல்ல... இதுல ஆம்பளைக் குரல் இருக்கு மேடம். தொட்டியில பாதித் தண்ணி இருக்கு, குழாயைத் திறந்தா எப்ப நிரம்பும்னு கணக்கு நடத்திட்டிருக்காரு."

பெரியவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. "வேற ஃபோல்டரை எடுத்துட்டீங்க போல."

"நீங்க சொன்ன அதே ஃபோல்டர்தான் மேடம். கடைசியில கொஞ்சம் மட்டும் ஒரு அம்மா பேசறாங்க. ரொம்பக் கரகரன்னு இருக்கு. அது உங்க அம்மாவா?"

பெரியவளின் விரல்கள் அதற்குள் சர்வரைத் திறந்துவிட்டன.

இங்கே இந்த சர்வரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கதையின் பாதிச் சண்டை அதில்தான் நடக்கிறது. பதிவானவை எல்லாம் போய்ச் சேருகிற பொது அலமாரி அது. குரல் கொடுக்கிறவர்கள் வீட்டிலிருந்தே ஏற்றுவார்கள், வாடிக்கையாளர்கள் தங்கள் இடத்திலிருந்தே இறக்கிக்கொள்வார்கள். யார் என்ன செய்யலாம் என்பதை அந்தந்தப் பெயருக்கு எதிரே டிக் அடித்து வைக்க வேண்டும். பார்க்கலாமா, ஏற்றலாமா, புது ஃபோல்டர் திறக்கலாமா, பெயர் மாற்றலாமா, அழிக்கலாமா. டிக் அடிக்கிற கை பெரியவளுடையது.

முன்பு சின்னவனுக்கு எல்லா டிக்கும் இருந்தது. இடம் போதவில்லை என்று பழைய சரக்கை ஒழிக்கும்போது, ஒரு நல்ல வாடிக்கையாளரின் பதிவு முழுவதையும் சேர்த்து ஒழித்துவிட்டான். வாடிக்கையாளர் போனார். அன்று பெரியவள், வேலைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, தம்பியின் பெயருக்கு எதிரே இருந்த டிக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். ஏற்றலாம், பார்க்கலாம். மற்ற எதுவும் கூடாது.

"நான் என்ன, சொந்த ஆபீஸ்ல உண்டியல்ல காசு போட வந்தவனா? போடத்தான் முடியும், தொட முடியாதா?" என்று அவன் கத்தினான்.

"ஆமா. உன் கைக்கு அதுதான் நல்லது" என்றாள் அவள்.

அன்றிலிருந்து இருவரும் முகம் பார்த்துப் பேசிக்கொள்வதில்லை. அம்மாவின் பதிவுகள் ஏறியதும், அவனுக்கென்று அவள் விட்டுவைத்த ஒரே ஃபோல்டருக்குள்தான். ஆபரேஷனுக்கு முந்தைய நாள் அம்மா எழுதிக் கேட்டபோது, "பத்திரமா இருக்கும்மா. யாராலயும் அழிக்க முடியாது. நான் பாத்துக்கிட்டேன்" என்று பெரியவள்தான் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவளுக்குள் எத்தனை நிறைவு!

இப்போது அந்த ஃபோல்டரைத் திறந்து முதல் ஃபைலைத் தட்டினாள்.

"குழந்தைகளே, இன்று நாம் பின்னங்களைப் பற்றிப் பார்ப்போம்" என்றது கனத்த ஆண் குரல்.

அடுத்ததைத் தட்டினாள். பின்னம். அதற்கடுத்தது, பின்னம்தான். நடுவில் ஒன்றைத் தட்டினாள். தொட்டியும் குழாயும். எந்த இடத்தில் தொட்டாலும் அந்த மனிதர் பொறுமையாகப் பாடம் நடத்திக்கொண்டேயிருந்தார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. நல்ல வாத்தியார்.

சர்வரை அமைத்துக் கொடுத்தவரைப் போனில் பிடித்தாள். அவர் தன் இடத்தில் இருந்தபடியே உள்ளே நுழைந்து பார்த்தார்.

"அண்ணே, யாரோ அழிச்சிருக்காங்க."

"யாரும் அழிக்கல மேடம். அழிச்சதா ஒரு குறிப்பும் இல்லை. உங்க தம்பிக்குத்தான் அழிக்கிற உரிமையே இல்லையே."

"அப்புறம் எங்க போச்சு?"

"அதே பேர்ல புது ஃபைல் ஏறியிருக்கு. பழசு இருந்த இடத்துல புதுசு உக்காந்திருச்சு. உங்க தம்பி வச்சிருக்கிற ரிக்கார்டர் கார்டைத் துடைச்சதும் திரும்ப ஒண்ணுலேருந்து எண்ண ஆரம்பிக்கும். அம்மாவுதும் ஒண்ணு, ரெண்டு, மூணு. பாடமும் ஒண்ணு, ரெண்டு, மூணு."

"ஆனா நான்தான் அழிக்க முடியாதபடி வச்சேனே அண்ணே!"

"அழிக்கிறதைத்தான் நிறுத்தினீங்க மேடம். பழசு மேல புதுசு ஏத்தறதை நிறுத்தலை. அதுக்குத் தனியா ஒண்ணு இருக்கு. நீங்க கேட்டிருந்தா போட்டுக் குடுத்திருப்பேன்."

கேட்கவில்லை. அன்று அவளுக்கு யாரையும் கேட்கிற மனநிலை இல்லை. அழிக்கும் டிக்கை எடுத்ததும் கதவைப் பூட்டிவிட்டதாகவே நினைத்தாள். பக்கத்தில் இன்னொரு கதவு திறந்து கிடந்தது.

"மேல இருக்கிற பாடத்தை எடுத்துட்டா, அடியில அம்மா இருக்க மாட்டாங்களா அண்ணே?"

நன்றாகப் படித்தவள் கேட்கிற கேள்வியா இது? ஆனால் கேட்டாள். அவரும் சிரிக்கவில்லை.

"போர்வை மேல போர்வை போட்ட மாதிரி இல்லம்மா இது. பலகையில அழிச்சு எழுதின மாதிரி." 'மேடம்' போய் 'அம்மா' வந்ததிலேயே நிலவரம் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"பேக்கப் இருக்குமே? தினமும் விடியக்காலைல நகல் எடுக்குமே?"

"எடுத்திருக்கு. நல்லாத்தான் வேலை பாத்திருக்கு. பாடம் ஏறின மறுநாளே பாடத்தை நகல் எடுத்து, அங்க இருந்த அம்மாவையும் மாத்திடுச்சு. ஒரே ஒரு நகல் போதும், இடம் அடைக்குதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

"ரிக்கார்டர் கார்டு?" என்று கேட்டவள், கேட்ட வாயாலேயே நிறுத்திக்கொண்டாள். ஏற்றி முடித்ததும் கார்டைத் துடைத்துவிட வேண்டும் என்று சுவரில் ஒட்டியிருக்கிற சட்டம் அவள் கையெழுத்து. வாடிக்கையாளர் சரக்கு வெளியில் அலையக் கூடாது என்பதற்காக எழுதியது. அம்மாவும் அதில் வாடிக்கையாளராகிவிட்டாள்.

"டிஸ்க்கைத் துழாவிப் பாக்கறேன். ஆனா தினமும் புதுசு புதுசா ஏறிக்கிட்டே இருந்த டிஸ்க்கு. ஆசை வச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

முதல் அத்தியாயத்திலிருந்து பெரியவளைக் கொஞ்சம் தாங்கிப் பிடித்துத்தான் எழுதிவருகிறேன். பொறுப்பானவள், சுமக்கிறவள், அதனால்தான் சிடுசிடுப்பு என்றெல்லாம். இந்த வாரம் என்னால் அவளுக்குப் பரிந்து பேச முடியவில்லை. ஏனென்றால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவளுக்கு இன்னொன்றும் ஞாபகம் வந்தது.

அம்மா ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம். இதே அறை. இதே வாசல். சின்னவன் உள்ளே வராமல் நிலைப்படியில் நின்று, "பாடம் ஏத்தணும். தனியா ஒரு ஃபோல்டர் திறந்து குடு" என்று கேட்டான். எங்கேயோ பார்த்துக்கொண்டுதான் கேட்டான். ஆனால் கேட்டான். இவள் தலையைத் தூக்காமலே, "இருக்கிறதிலேயே போடு. உனக்குன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு திறந்துக்கிட்டிருக்க முடியாது" என்றாள். அரை நிமிட வேலை. திரையில் ஒரு கட்டத்துக்குள் பெயரைத் தட்டினால் போதும்.

அவன் அப்படியே திரும்பிப் போய்விட்டான்.

மத்தியானம் சின்னவன் வந்தான். அம்மாவை டாக்டரிடம் காட்டிவிட்டு வீட்டில் விட்டு வந்திருந்தான். முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு. அக்காவோடு பேசாத விரதத்தைக்கூட மறந்துவிட்டு, வாசலிலிருந்தே ஆரம்பித்தான்.

"புண் நல்லா ஆறிடுச்சாம். அம்மா காலையிலேயே தலை வாரி உக்காந்தாச்சு, இன்னைக்குக் குரல் வருதுன்னு. இன்னைக்கெல்லாம் வராதும்மா, இன்னைக்குத்தான் ஃபைலை எடுப்பாங்கன்னு சொன்னா கேக்கணுமே! முதல் வாக்கியம் என்னன்னு எழுதி வச்சிருக்கா. பலகைக்குப் பின்பக்கம். எனக்கே காட்ட மாட்டேங்கறா."

"சின்னவனே, இங்க வந்து உக்காரு."

அந்தக் குரலைக் கேட்டதும் அவன் நின்ற இடத்திலேயே நின்றான். "என்ன?"

அவள் வாயால் சொல்லவில்லை. ஒரு ஃபைலைத் தட்டினாள். குழந்தைகளே, என்றார் வாத்தியார்.

"இது என் பாடம்."

"ஆமா. அம்மா எங்க?"

"அம்மாவுது நீதானே எடுத்துப் பத்திரப்படுத்தின? 'நான் பாத்துக்கிட்டேன்'னு அம்மா கிட்ட சொன்னியே. நானும் அங்கதானே நின்னேன்?"

"நான் எங்கயும் எடுக்கல. உனக்கு அழிக்க உரிமை இல்லை, அதனால பத்திரம்னு சொன்னேன்."

சின்னவனுக்குப் புரிய ஆரம்பித்தது. ஒரு மனிதனின் முகம் அப்படி வெளுப்பதைப் பார்க்க நேரக் கூடாது.

"அக்கா... ஏத்தும்போது கேட்டுது. இந்தப் பேர்ல ஏற்கெனவே இருக்கு, மாத்தட்டுமான்னு கேட்டுது."

"நீ என்ன பண்ணின?"

"எனக்குத்தான் எதையும் அழிக்க முடியாதே, அது சும்மா கேக்குதுன்னு நினைச்சேன். சரின்னு அமுக்கினேன். ஒவ்வொண்ணுக்கும் கேட்டுக்கிட்டே இருந்துது. எல்லாத்துக்கும் இதே பதில்னு ஒரு டிக் இருந்துது. அதையும் அடிச்சிட்டேன்."

அக்கா தம்பி இருவருக்கும் அந்தப் பூட்டின் மேல் ஒரே மாதிரி நம்பிக்கை. ஒருத்திக்குப் பூட்டிய தைரியம், ஒருவனுக்குப் பூட்டப்பட்ட தைரியம். வீட்டில் வேறு எதிலும் அவர்கள் இப்படி ஒத்துப்போனதில்லை.

சின்னவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஒவ்வொரு வாக்கியத்தையும் ரெண்டு மூணு தடவை சொல்ல வச்சேன் அக்கா. தொண்டை வலிக்குதுடான்னு சைகை காட்டுவா. 'இன்னொரு தடவை மட்டும்மா, கொஞ்சம் இழுக்குது'ம்பேன். தண்ணி குடிச்சிட்டுத் திரும்பச் சொல்லுவா. எதுக்கு அப்படி வதைச்சேன்? இந்தத் தொட்டித் தண்ணிக்கா?" என்று சொல்லிக் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

நீ என்னிடம் ஃபோல்டர் கேட்டாய் என்று அவள் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. அவனுக்கு அது ஞாபகம் இல்லை போலிருந்தது. அப்படியே போகட்டும் என்று அவளுக்குள் ஏதோ ஒன்று சொன்னது.

"நீ தனி ஃபோல்டர் கேட்டே. நான்தான் திறந்து குடுக்கல" என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். கோபப்படுவான் என்று காத்திருந்தாள். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் மறுபடியும் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

சாயங்காலத்துக்கு முன்னால் இரண்டு போன் வந்தது. முதலாவது சர்வர்காரர். துழாவிப் பார்த்துவிட்டார், ஒன்றும் தேறவில்லை. இரண்டாவது குரல் கம்பெனிப் பெண்.

"கடைசியில இருக்கிற கொஞ்சத்தை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது மேடம். எங்க பெரியவர் ஒரு யோசனை சொன்னார். மகள் குரல் பெரும்பாலும் அம்மா குரலை ஒட்டியிருக்கும். நீங்க பேசிக் குடுத்தா, அதை அடியில வச்சு, அவங்க மிச்சக் குரலை மேல பூசிப் பாக்கலாம். ஆனா அது அவங்க குரல்னு நாங்க எழுதித் தர மாட்டோம்."

"பரவாயில்லம்மா. அதையாவது பண்ணுங்க" என்றாள் பெரியவள். வேறு பிடிக்க ஒன்றும் இல்லை.

இருவரும் ஒரே வண்டியில் வீட்டுக்குப் போனார்கள். கடைசியாக எப்போது அப்படிப் போனார்கள் என்று இருவருக்குமே நினைவில்லை. வழியில் பேசிக்கொள்ளவில்லை. சமாதானம் ஆகிவிட்டது என்று நீங்கள் நினைக்க வேண்டாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டாத வசதி வண்டியில் உண்டு.

அம்மா கூடத்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் துணிக்கட்டு. மடியில் வெள்ளைப் பலகை, அதில் நூல் கட்டித் தொங்கும் பேனா. தலை படிய வாரியிருந்தாள். முன்பெல்லாம் இவர்கள் படி ஏறும்போதே, "செருப்பை வெளியில விடு" என்று உள்ளேயிருந்து வரும். இன்று பலகையைத் தூக்கிக் காட்டினாள்.

*ரெண்டு பேரும் ஒண்ணா வரீங்க. யார் செத்தது?*

சின்னவன் சிரிக்க முயன்று தோற்றான். அம்மா முகம் மாறியது. இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா, உன் குரல் இல்ல" என்றாள் பெரியவள். வண்டியில் எத்தனையோ விதமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். வெளியே வந்தது இதுதான். "சர்வர்ல இருந்தது போயிடுச்சு. என்னாலதான்."

"இல்லம்மா, நான்தான்" என்றான் சின்னவன். "நான்தான் வேற ஒண்ணை அது மேல ஏத்திட்டேன்."

"அவன் தனி இடம் கேட்டான். நான் குடுக்கல. பத்திரமா இருக்குன்னு உன்கிட்ட சொன்னதும் நான்தான்."

"அது கேட்டுதும்மா, மாத்தட்டுமான்னு. நான் சரின்னு..."

அம்மா கையை உயர்த்தினாள். இருவரும் நிறுத்தினார்கள். சின்ன வயதில் பொம்மைக்கு அடித்துக்கொள்ளும்போது இந்தக் கைக்கு இப்படித்தான் நிறுத்துவார்கள். அப்போது கைக்குப் பின்னால் குரல் வரும்.

பேனாவை எடுத்தாள். *ஒண்ணுமே இல்லையா?*

"கடைசியில கொஞ்சம் இருக்கு" என்றான் சின்னவன்.

*போடு.*

"வேண்டாம்மா. இப்ப வேண்டாம்."

அந்த ஒரு சொல்லைப் பேனாவால் இரண்டு முறை தட்டினாள். போடு.

சின்னவன் போனில் சர்வரைத் திறந்தான். பார்க்கவும் கேட்கவும் அவனுக்கு உரிமை இருந்தது. பாடங்களைத் தாண்டிக் கடைசிக்குப் போனான்.

பாடங்களின் எண் எட்டாததால் எஞ்சியிருந்தவை கடைசி நாள் பதிவுகள். நோய் முற்றி, மூச்சுக்கு மூச்சு தொண்டை அடைத்துக்கொண்ட நாள். போனிலிருந்து ஒரு கரகரப்பு வந்தது. உற்றுக் கேட்டால்தான் சொற்கள் தெரிந்தன. "நாளைக்கு... மழை வரலாம். குடை... எடுத்துக்கோ." பிறகு இருமல், வெகுநேரம். பிறகு, "அந்தக் கதவை..." இருமல். கடைசியாக, எழுதிக் கொடுத்த வாக்கியங்களில் இல்லாத ஒன்று: "போதும்டா. தண்ணி குடு. மீதியை... நாளைக்குப் பேசறேன்."

மறுநாள் டாக்டர் பேசக்கூடாது என்றுவிட்டார். அதற்கடுத்த நாள் ஆபரேஷன்.

அம்மா தன் குரலை அன்னியர் குரலைக் கேட்பதுபோல, புருவத்தைச் சுருக்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. அழுதிருந்தால் பிள்ளைகளுக்குத் தேவலை.

பெரியவள் அவசரமாகப் பேசினாள். "அம்மா, ஒரு வழி இருக்கு. நான் பேசிக் குடுக்கறேன். என் குரலையும் இதையும் சேத்துச் செஞ்சு தரேங்கறாங்க. கிட்டத்தட்ட உன் குரல் மாதிரியே வரும்."

அம்மா பலகையில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்.

*உன் குரலை வச்சே உன்னைத் திட்டணுமா? வேண்டாம்.*

வழக்கமான அம்மாவின் குத்தல்தான். எழுத்தில் வந்ததால் அதில் சிரிப்பு இருந்ததா, இல்லையா என்று பெரியவளுக்குத் தெரியவில்லை. குரல் இருந்தால் அந்த ஒரு வரியிலேயே தெரிந்திருக்கும். தன்னை மன்னித்தாளா, இல்லையா என்று தெரிந்துகொள்ள இனி வழியே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பலகையில் இடம் தீர்ந்துவிட்டது. அம்மா அதைத் திருப்பினாள். பின்பக்கம் நான்கைந்து சொற்கள் அழகாக, நிதானமாக எழுதப்பட்டிருந்தன. அவள் குரலில் கருவி பேச வேண்டிய முதல் வாக்கியம். சின்னவன் எட்டிப் பார்த்தான். அதற்குள் அம்மா ஈரத் துணியை எடுத்து ஒரே இழுப்பாக அழித்துவிட்டாள்.

"என்னம்மா எழுதியிருந்த?" என்றான். அவள் காதில் வாங்கவில்லை.

ஈரம் காயாத பலகையில் எழுதினாள். பெரியவளிடம் காட்டவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி மகனிடம் நீட்டினாள்.

*அந்த மிச்சத்தையும் அழிச்சிடு. அது நான் இல்லை. அது என் நோய்.*

சின்னவன் படித்தான். மறுபடி படித்தான். கையிலிருந்த போனைப் பார்த்தான். அதில் அந்தக் கடைசி ஃபைல் திறந்தபடியே இருந்தது.

"என்னால முடியாதும்மா" என்றான் மெல்ல. "எனக்கு அந்த உரிமை இல்ல."

அம்மா முகத்தைத் திருப்பவில்லை. ஜன்னலைப் பார்த்தபடியே, பலகையை மட்டும் மகள் பக்கம் நீட்டினாள்.